ஏட்டில் இறங்கிய விமானம்: சின்னத் தீவில் பெரிய வேலை தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்த இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அந்த செயின்ட் ஹெலினா தென் அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். பரப்பு 122 சதுர கிலோமீட்டர், மக்கள் நாலாயிரத்துச் சொச்சம். நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊராட்சியில் இருக்கிற கூட்டம்தான். ஆனால் ஆஸ்பத்திரி, மின்நிலையம், சிறை, துறைமுகம், தபால்தலை என்று ஒரு நாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த நாலாயிரம் பேரே ஓட்டியாக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் கொண்ட சபை ஒன்று உண்டு. லண்டன் நியமிக்கும் ஆளுநர் ஒருவர் உண்டு. ஆண்டுச் செலவின் பெரும்பங்கு பிரிட்டனின் உதவித்தொகை.

ஒதுக்குப்புறத் தீவுகளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விமான நிலையத்தைச் சுற்றி அநேகமாக எல்லாச் சறுக்கல்களும் நடந்திருக்கின்றன.

முதலில் காற்று. தீவில் சமதளம் மிகக் குறைவு. கிழக்கே பிராஸ்பரஸ் பே சமவெளி என்று ஓரிடம் கிடைத்தது. அதுவும் போதாமல், பக்கத்துப் பள்ளத்தாக்கை நிரப்ப ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும் கொட்டினார்கள். பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்தது, சுமார் 28.5 கோடி பவுண்டு. 2016 மே மாதம் கோலாகலமாகத் திறக்க நாள் குறித்தாயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 18 அன்று, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு போயிங் 737 சோதனைக்காக வந்தது. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மறுபடி மேலே எழும்பிப் போனது. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுக்க அடிக்கும் காற்று மலையிலும் செங்குத்துப் பாறையிலும் மோதி, ஓடுபாதையின் வடக்கு முனையில் திடீர் திடீரென்று வேகமும் திசையும் மாறுகிறது. விமானிகள் இதை விண்ட் ஷியர் என்பார்கள். இறங்கும் நேரத்தில் அவர்கள் மிகவும் அஞ்சுகிற விஷயங்களில் ஒன்று. விமானம் பிறகு இறங்கிவிட்டது என்றாலும் திறப்பு விழா தள்ளிப்போனது.

இதில் என்னை உறுத்துவது காற்று அல்ல. அந்தக் காற்று யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை என்பதுதான். 1836 ஜூலையில் சார்லஸ் டார்வின் இந்தத் தீவில் சில நாள் தங்கினார். சுமார் 1,000 அடிப் பாறையில் முடிகிற ஒரு சமவெளியின் விளிம்பில் நின்றதைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் நின்ற இடத்தில் காற்றே இல்லை. ஆனால் சில கஜம் தள்ளிப் பறவைகள் கடுங்காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. விளிம்புக்குப் போய்க் கையை நீட்டியதும் முழு வேகமும் கையில் அறைந்தது. அசையாத காற்றுக்கும் அடிக்கிற காற்றுக்கும் நடுவே இரண்டு கஜ அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருந்ததாகச் சொல்கிறார். விமான நிலையத்தின் கோப்பு தொடங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தைய குறிப்பு!

2016 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, காற்றின் விளைவை, பணம் கொடுத்த அரசுத் துறை முன்கூட்டியே கணிக்காமல் விட்டது திகைப்பூட்டுகிறது என்று எழுதியது. ஆய்வுகள் இல்லாமல் இல்லை, கட்டுக்கட்டாக இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். ஓடுபாதை போடுவதற்கு முன்பே, பின்னால் வரப்போகிற அளவுள்ள விமானம் ஒன்றை அந்த வழியில் தாழ்வாகப் பறக்கவிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு இறங்கவே வேண்டியதில்லையே. துறைமுகமோ பாலமோ காற்றாலையோ, எதுவானாலும் இதே கதைதான். அங்கே நாற்பது வருஷம் படகு ஓட்டியவரிடம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அலை ஏறும் என்று கேட்டு, அதைக் கோப்பில் எழுதி, அது பொய்யென்று அளந்து காட்டும்வரை உண்மையென்றே வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஆலோசகர் எழுதினால் தரவு, படகுக்காரர் சொன்னால் கதை.

சரி, புது வழி வருகிறது என்று பழைய வழியை எப்போது மூடுவது? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை நம்மிடம் உண்டு. செயின்ட் ஹெலினாவில் அந்தப் புருஷன் ஒரு கப்பல். தீவின் பெயரையே தாங்கிய அந்தத் தபால் கப்பல் 1990 முதல் ஓடியது. கேப்டவுனிலிருந்து ஐந்து, ஆறு நாள் பயணம். ஆளும் அதில்தான், அரிசியும் அதில்தான், மருந்தும் அதில்தான். விமானம் வந்துவிடும் என்று 2016ல் அதற்கு ஓய்வு கொடுக்கத் திட்டமிட்டார்கள். விமானம் வரவில்லை. கப்பலின் ஆயுளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஓய்வுக்கு மனசு தயாரான கிழவரை இன்னும் ஒரு வருஷம் உழைக்கச் சொன்னால் என்ன ஆகும்? 2017ல் உந்துவிசைப் பகுதியில் கோளாறு வந்து பயணங்கள் ரத்தாயின. அதனால் மாட்டிக்கொண்ட பயணிகளுக்காக மே 3 அன்று ஒரு சிறிய வாடகை விமானம் வந்து இறங்கியது. அப்போது இன்னும் வழக்கமான சேவையே தொடங்காத விமான நிலையத்தில்! வாராந்திரச் சேவை 2017 அக்டோபர் 14 அன்று தொடங்கியது, எம்ப்ரேயர் 190 என்ற சிறிய ரக விமானத்தில். காற்றைக் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ நூறு இருக்கையில் 76 பேரைத்தான் ஏற்றினார்கள். கப்பல் கடைசியாகக் கிளம்பியது 2018 பிப்ரவரியில். நல்லவேளையாக அதுவரை அதை விற்றிருக்கவில்லை.

புதியது ஒரு முழு ஆண்டாவது, மோசமான பருவமும் சேர்த்து, ஓடிக் காட்டட்டும். பழையதை அதுவரை வைத்திருக்கும் செலவைத் திட்டச் செலவிலேயே முதல் நாளே எழுதிவிட வேண்டும். அதைத் தனியாக, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் தரமாட்டார்கள்.

எண்ணிக்கையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கட்டுமானத்தை நியாயப்படுத்த வருங்காலத்தில் ஒரு பெரிய எண் தேவைப்படும். இங்கே அது சுற்றுலாப் பயணிகள். 2042 வாக்கில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 30,000 பேர் வருவார்கள் என்று கணக்கு. சேவை தொடங்கிய முதல் ஆண்டுகளில் வந்தவர்களோ சில ஆயிரம்தான். வாரம் ஒரு விமானம், 76 இருக்கை. அதிலும் ஒரு பங்கு ஊருக்குத் திரும்புகிற உள்ளூர்க்காரர்கள். பெருக்கிப் பார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். அப்புறம் 2020ல் கொரோனா வந்து வாராந்திர விமானமே நின்றுபோனது.

ஒரே வருமானத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தீவு முன்பே பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே முக்கியத் தொழில் நார். நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு வகை நார்ச்செடியை மலைச்சரிவெல்லாம் வளர்த்து, கயிறும் சரடும் திரித்தார்கள். பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் தபால் துறை, மூட்டை கட்டுவதற்கு. 1960களின் நடுவில் அந்தத் துறை செயற்கை நாருக்கு மாறியது. 1966ல் ஆலைகள் மூடப்பட்டன. லண்டனில் யாரோ ஒரு அதிகாரி சரக்குக் கொள்முதலில் சிக்கனம் பார்த்திருப்பார், அவ்வளவுதான். செடிகள் இன்றும் சரிவுகளில் மண்டிக் கிடக்கின்றன. கயிறு என்றதும் சிரிப்பு வரலாம், ஆனால் சுற்றுலாவும் அதே கயிறுதான். ஆகவே திட்ட அறிக்கையில் பெரிய எண் ஒன்றைப் பார்த்தால், அதில் கால்பங்குதான் நடந்தது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் விளக்கு எரியுமா, சம்பளம் போகுமா என்று சபையில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். செயின்ட் ஹெலினாவில் அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதிலும் உண்டு. 'உலகிலேயே பயனற்ற விமான நிலையம்' என்று பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்த 2016 ஜூனிலேயே, உயிருக்குப் போராடும் நோயாளிகளை ஏற்றிச் செல்ல மருத்துவ விமானங்கள் அங்கே வந்து போகத் தொடங்கிவிட்டன. முன்பு அதே நோயாளி கப்பலுக்குக் காத்திருந்து, பிறகு ஐந்து நாள் கடலில் கிடக்க வேண்டும். உயிர் காக்கத்தான் ஓடுபாதை என்று சொல்லியே பணம் கேட்டிருக்கலாம். சுற்றுலாக் கணக்கைக் காட்டிக் கேட்டதால்தான் கேலிக்கு ஆளானது.

நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தோண்டுவதும் உண்டு. ஓடுபாதைக்குச் சாமான் கொண்டுபோக ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து சாலை போட வேண்டியிருந்தது. 1840 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல், பிரிட்டிஷ் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை இறக்கிவைத்த இடம் அது. வந்தவர்கள் சுமார் 27,000 பேர். ஏறத்தாழ 8,000 பேர் பசியிலும் நோயிலும் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். சாலைக்காக 2008 வாக்கில் நடந்த அகழ்வில் 325 பேரின் எலும்புகள் வெளியே வந்தன. முன்கூட்டியே தொல்லியலாளர்களை அழைத்தது சரியான காரியம். ஆனால் எடுத்த பிறகு அவர்களை எங்கே, யார் செலவில், எப்போது திரும்ப அடக்கம் செய்வது என்பது எந்த அட்டவணையிலும் இறுகவில்லை. எலும்புகள் பத்தாண்டுக்கு மேல் ஒரு கிடங்கில் காத்திருந்தன. மறு அடக்கம் 2022ல்தான் நடந்தது. ஓடுபாதைக்கு நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு நாள் குறிக்கத் தெரியாமல் போனது.

சபை நடவடிக்கையைப் பற்றிச் சுருக்கமாக. நாலாயிரம் பேர் ஊரில் டெண்டர் கேட்பவர், டெண்டரைத் திறப்பவர், கணக்குப் பார்ப்பவர் மூவரும் உறவாக இருப்பார்கள், குறைந்தபட்சம் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள். இதைத் தவிர்க்கவே முடியாது, ஆகவே தவிர்த்துவிட்டது போல நடிப்பதுதான் தவறு. தனக்கு என்ன சம்பந்தம் என்று கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, அந்த அயிட்டம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். கூட்டத் தாள்கள் கூட்டத்துக்கு முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும். முடிந்த பிறகு கொடுத்தால் அது செய்தி, அதில் கேட்க ஒன்றுமில்லை.

கட்டி முடித்ததை யார் பராமரிப்பது? இதில் ஸ்காட்லாந்தின் எய்க் தீவைப் பார்க்கலாம். நூற்றுச் சொச்சம் பேர். 1997ல் தீவையே மக்கள் சேர்ந்து வாங்கினார்கள். 2008ல் நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் சொந்தக் கட்டமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு நேரத்தில் 5 கிலோவாட், கடைகளுக்கு 10. அதைத் தாண்டினால் இணைப்பு நின்றுவிடும். கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஒரே சமயத்தில் ஓடலாமா என்று வீட்டில் யோசிப்பார்கள். இன்னும் முக்கியம், அன்றாடப் பராமரிப்புக்கு உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்தார்கள். செயின்ட் ஹெலினாவில் நிலைமை கடினம். 2002ல் முழு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்ததும் வேலைக்கு வயதுள்ள பலர் கப்பல் ஏறிவிட்டார்கள். பயிற்சிக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் இயந்திரம் வாங்கினால், கோளாறு வரும்போதெல்லாம் கேப்டவுனிலிருந்து மெக்கானிக் வர வேண்டும், விமானக் கட்டணத்தோடு.

தீவு சரியாகச் செய்ததில் எனக்குப் பிடித்தது இணையக் கேபிள். முன்பு மொத்தத் தீவும் ஒரு செயற்கைக்கோள் இணைப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. நாலாயிரம் பேருக்காகத் தனியாகக் கடலடிக் கேபிள் போட எந்த நிறுவனமும் வராது. அதனால் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கூகுள் போட்ட ஈக்வியானோ கேபிளில் ஒரு கிளை கேட்டு வாங்கினார்கள். பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேம்பாட்டு நிதி. 2021ல் கேபிள் கரை சேர்ந்தது, 2023 அக்டோபரில் சேவை தொடங்கியது. பெரியவர்களின் அட்டவணையைத் தெரிந்து வைத்திருந்து, அவர்கள் கடந்துபோகும் நாளுக்குள் தன் கோப்பைத் தயாராக வைத்திருப்பதே இதில் இருந்த சாமர்த்தியம். இப்படியொரு கேபிள் போய்விட்டால் அடுத்தது எப்போது வருமோ.

விமானமும் இப்போது ஒழுங்காக வருகிறது. தீவுக்கு வரும் வழியில் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை வைத்தார்கள். தீவில் இறங்க முடியாவிட்டால் திரும்பிப் போவதற்கு.