வண்டி உதறுகிறது, ஆயிலும் கசிகிறது: ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நடக்கும் தவறுகள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதறுகிறது. பானட்டைத் திறந்தால் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) ஓரமாக ஆயில் பிசுக்கு. ஒர்க்ஷாப்பில் இதை இரண்டு வேலையாக எழுதிக்கொள்வார்கள்: ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும், கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங் மாற்ற வேண்டும். கொஞ்சம் வயதான பெட்ரோல் வண்டியாக இருந்தால் முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயுவை இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) பக்கம் திருப்பி எரிய விடுவதுதான் பிசிவி வால்வின் வேலை. பிசுக்கு படிந்து வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்த சீல் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியாக ஆயில் வெளியே வரும். மாறாக, வால்வு திறந்தே சிக்கிக்கொண்டாலோ அதன் ஹோஸ் வெடித்திருந்தாலோ, சென்சார் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) கெடும். வால்வைக் கவனிக்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால், சில மாதத்தில் வேறொரு இடத்தில் கசியும். பழி புதுப் பேக்கிங் மேல் விழும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயைவிடப் பெரிய பாலித்தீன் தாளை அதன்மேல் கெட்டியாகப் பிடித்து வையுங்கள். தாள் லேசாக உள்ளே குழிந்தால் சரி. உப்பிக்கொண்டு மேலே வந்தால் பிசிவி வால்வைப் பார்க்க வேண்டும். வால்வு நன்றாக இருந்தும் உப்பினால் ரிங் தேய்மானம் வரை யோசிக்க வேண்டியதுதான். மூடியைத் திறந்ததும் ஐடிலிங் கொஞ்சம் மாறுவது பல வண்டிகளில் இயல்பு. அதை மட்டும் வைத்து “எஞ்சின் போச்சு” என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இரண்டு புகாரும் சேரும் இன்னொரு இடம் பிளக் குழி. நிறைய எஞ்சின்களில் டேப்பட் கவருக்கு நடுவே இறங்கும் குழிகளுக்குள்தான் பிளக் இருக்கும். அந்தக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போனால் ஆயில் உள்ளே இறங்கி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறையை ஊறவைக்கும். ஊறிய ரப்பர் உப்பும், வெடிக்கும். ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் பாயும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, ஆனால் மிஸ்ஸிங் வரும், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் தடுமாறும். காயிலை உருவியதும் அதன் நுனியில் ஆயில் மின்னினால் விஷயம் புரிந்துவிடும். இங்கே இரண்டு தவறு சகஜம். குழியில் தேங்கிய ஆயிலைத் துணியால் ஒற்றி எடுக்காமல் பிளக்கைக் கழற்றுவது: ஆயிலும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் போகும். அடுத்தது, ஓரப் பேக்கிங்கை மாற்றிவிட்டுக் குழி சீல்களைப் பழையபடியே விடுவது. சில எஞ்சின்களில் அவை தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் கவரோடு சேர்ந்தே வரும். கேட்டு வாங்குங்கள்.

கசிவைக் கண்டதும் வாட்டர் சர்வீஸுக்கு ஓடுவது இன்னொரு பழக்கம். பிரஷர் தண்ணீர் காயிலுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் புகுந்தால் இல்லாத மிஸ்ஸிங்கும் வரும். கழுவும் முன் நன்றாகப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தில் தேடினால் கிடைக்காது, ஈரமாக இருக்கும் மிக உயரமான இடத்தில்தான் தேட வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் “பின் கிராங்க் சீல், கியர்பாக்ஸ் இறக்கணும்” என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது பெரிய செலவு. டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்தோ ஆயில் பிரஷர் ஸ்விட்சிலிருந்தோ வழிந்தாலும் சொட்டு அதே இடத்தில்தான் விழும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

இனி உதறல். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க, பாடி மட்டும் நடுங்கினால் முதல் சந்தேகம் எஞ்சின் மவுண்டிங் ரப்பர். முள்ளே ஏறி இறங்கினால் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் கொஞ்சம் நடுக்கம் பிறவியிலேயே உண்டு; நாலு சிலிண்டர் வண்டியிலிருந்து மாறியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக் காசைச் செலவழிக்கிறார்கள். அதே மாடல் வேறு வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஸ்கேனர் போட்டதும் அதில் தெரியும் பிழைக் குறியீட்டை (கோட்) அழிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். அழித்தால் சாட்சியும் போய்விடும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். புதுக் காயில் வாங்கும் முன், முதல் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. முதல் சிலிண்டரிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். எஞ்சின் ஓடும்போதே காயிலை உருவிப் பார்க்கும் பழைய முறை இப்போதைய வண்டிகளுக்கு ஆகாது. ஷாக் அடிக்கும், எலக்ட்ரானிக்ஸும் கெடும்.

காற்றுக் கசிவைத் தேட கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே அடிப்பதும் ஆபத்து, பக்கத்திலேயே சூடான சைலன்சர் குழாய் இருக்கிறது. ஸ்கேனரிலேயே ஃப்யூயல் டிரிம், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, தெரியும். ஐடிலில் அது ப்ளஸ்ஸில் பத்து சதவீதத்துக்கு மேல் போய், 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக் கசிவு. ஆர்பிஎம் ஏறியும் டிரிம் இறங்கவில்லை என்றால் பெட்ரோல் சப்ளையையும் ஏர் சென்சாரையும் பாருங்கள். அப்புறம், காற்று உள்ளே போகும் த்ரோட்டில் பாடியைக் கழுவிய பிறகு ஐடிலிங் ஏறி நின்றால் பதற வேண்டாம். பல மாடல்களில் ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் (ஐடில் அளவைப் புதிதாகக் கற்க வைப்பது) கொடுக்க வேண்டும்.

பேக்கிங் மாட்டும்போது “கசியக் கூடாது” என்று போல்ட்டை முறுக்கித் தள்ளுகிறார்கள். டேப்பட் கவர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் டார்க் (முறுக்கும் விசை). அதற்கு மேல் போனால் அலுமினிய மரை உரிந்துவிடும், அல்லது பேக்கிங் பிதுங்கி முன்னைவிட அதிகமாகக் கசியும். சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவதும் அப்படித்தான். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் போய் ஆயில் ஸ்டிரெய்னரை (வடிகட்டி) அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. கசிவை நிறுத்த 5டபிள்யூ-30 ஆயில் போடும் வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இன்றைய எஞ்சின்களின் குறுகலான ஆயில் பாதைகளும் வால்வு டைமிங் அமைப்பும் மெல்லிய ஆயிலுக்காகவே செய்தவை.

வெறும் பிசுக்கு என்றால் அவசரமில்லை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கலாம். சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டித் தீய்ந்த வாடை வந்தால் தள்ளிப்போடக் கூடாது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓட்டி அருகிலுள்ள ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அதுவும் வேண்டாம், ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.