ஜெர்மன்ல "சரி, வேணும்"னு மரியாதையா சொல்றது எப்படி (ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு)

ஜெர்மன் படிக்க ஆரம்பிச்சா முதல் நாளே சொல்லித் தர்ற வார்த்தை "டாங்கெ", அதாவது நன்றி. அந்த ஒரு வார்த்தையால எனக்கு ஒரு துண்டு கேக் போச்சு. இங்க வந்த புதுசுல வீட்டு ஓனரம்மா ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் காபிக்கு கூப்பிட்டிருந்தாங்க, மேஜை நடுவுல பெரிய பிளாக் ஃபாரஸ்ட் கேக், முதல் துண்டு முடிஞ்சதும் இன்னொரு துண்டு வெட்டி கையில வெச்சுக்கிட்டே வேணுமான்னு கேட்டாங்க, நானும் வாயெல்லாம் பல்லா "டாங்கெ"ன்னு சொன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு அந்தத் துண்ட அப்படியே பக்கத்து தட்டுல வெச்சுட்டாங்க!

விஷயம் என்னன்னா, ஏதாவது வேணுமான்னு கேக்கும்போது வெறும் "டாங்கெ"ன்னா பெரும்பாலும் "வேண்டாம், நன்றி"ன்னுதான் எடுத்துப்பாங்க. வேணும்னா "பிட்டெ" (தயவுசெஞ்சு) இல்லாட்டி "கெர்னெ" வரணும். சரி, ஒண்ணொண்ணா பாக்கலாம்.

ஸ்டெப் 1: வாய சரி பண்ணிக்குங்க

தமிழ் எழுத்துல எழுதுறதால சின்ன குழப்பம் வரும். "பிட்டெ"ல வர்ற ப, பலூன்ல வர்ற ப. "டாங்கெ"ல டாக்டர் ட. "கெர்னெ"ல கணபதிக்கு வர்ற க. "ஸீ"ல (அதுதான் "நீங்க") வர்ற ஸ, தேனீ பறக்குற சத்தம். "இஷ்"னு நான் எழுதுறது (அதுதான் "நான்") உண்மையில ஷ்ஷும் இல்ல ஹ்ஹும் இல்ல, சிரிக்கிற மாதிரி உதட்ட இழுத்து வெச்சுக்கிட்டு காத்த மட்டும் விட்டா கிட்டத்தட்ட வந்துரும். வரலன்னாலும் புரிஞ்சுப்பாங்க, கவலைப்படாதீங்க.

ஸ்டெப் 2: "யா, கெர்னெ"

இந்த ஒண்ணு மட்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. "யா"ன்னா ஆமா, "கெர்னெ"ன்னா சந்தோஷமா, விருப்பமா. காபி வேணுமா? யா, கெர்னெ. கடையில பை வேணுமா? யா, கெர்னெ. நாளைக்கு வர்றியா? யா, கெர்னெ. இன்னும் கொஞ்சம் அழுத்தணும்னா "ஸேர் கெர்னெ", ரொம்ப சந்தோஷமா. "யா, பிட்டெ"யும் தாராளமா சொல்லலாம், ஆனா அது ஏதாவது குடுக்கட்டுமா, செஞ்சு தரட்டுமான்னு கேக்கும்போதுதான் பொருந்தும், விருந்துக்கு கூப்பிட்டா கெர்னெதான். வெறும் "யா"ன்னு மட்டும் சொல்லாதீங்க, தப்பில்ல, ஆனா வேண்டாவெறுப்பா கேக்கும்.

கெர்னெ கூட ஒரு டாங்கெ சேத்துக்கலாம், "கெர்னெ, டாங்கெ". யா இல்லாட்டி கெர்னெ முன்னாடி வந்துட்டா டாங்கெயால ஆபத்து இல்ல. தனியா விட்டாதான் கேக் போயிடும்.

கோயத்தே இன்ஸ்டிடியூட் ஏ1 பரீட்சைக்கு படிக்கறவங்களுக்கு: பேச்சுத் தேர்வோட மூணாவது பகுதியில ஒருத்தர் ஒரு உதவி கேப்பாங்க, இன்னொருத்தர் பதில் சொல்லணும். அங்கயும் இதே "யா, கெர்னெ" கை கொடுக்கும்.

ஸ்டெப் 3: முதல் தடவையே சொல்லிடுங்க

நமக்கு கஷ்டமான ஸ்டெப் இதுதான், இலக்கணத்த விட கஷ்டம். நம்ம ஊர்ல சாப்பிடுங்கன்னா "ஐயோ இப்பதான் சாப்பிட்டு வந்தேன்"னு ஆரம்பிப்போம், அவங்க விட மாட்டாங்க, நாம மறுப்போம், மூணாவது தடவை "சரி, கொஞ்சமா போடுங்க"ன்னு உக்காருவோம், அதுதான் மரியாதை. இங்க நீங்க "நைன், டாங்கெ"ன்னா நிஜமாவே வேண்டாம்னு அர்த்தம், உங்க பேச்ச மதிச்சு திரும்ப கேக்காமலே விட்டுடுவாங்க. பசியோட வீட்டுக்கு வருவீங்க, அவங்க மேல கோவமும் வரும், பாவம் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

கொஞ்சமா போதும்னா அதுக்கு வழி இருக்கு: "நூர் அய்ன் க்லைனெஸ் ஷ்ட்யுக், பிட்டெ", ஒரு சின்ன துண்டு மட்டும். காபிக்கு பதிலா டீ வேணும்னா "லீபர் அய்னென் டே, பிட்டெ". கூச்சப்பட்டு பிடிக்காத காபிய குடிக்க வேண்டியதில்ல. எனக்கு ரொம்ப பிடிச்சது "டா ஸாகெ இஷ் நிஷ்ட் நைன்", இதுக்கு போய் வேண்டாம்னு சொல்வேனா-ங்கற மாதிரி. சொன்னா சிரிப்பாங்க.

ஸ்டெப் 4: வீட்டுக்கு கூப்பிட்டா

இங்க மூணு துண்டா சொல்லுங்க. முதல்ல நன்றி: "ஃபீலென் டாங்க் ஃப்யூர் டீ அய்ன்லாடுங்", அழைப்புக்கு ரொம்ப நன்றி. அடுத்து "இஷ் கொம்மெ கெர்னெ", சந்தோஷமா வர்றேன். கடைசியா "இஷ் ஃப்ரொய்யெ மிஷ்", ஆவலா இருக்கேன். வாட்ஸ்அப்ல அனுப்புறதுக்கும் இதே போதும். கூப்பிட்டவங்க பெரியவங்கன்னா "டாஸ் இஸ்ட் ஸேர் நெட் ஃபொன் ஈனென்", நீங்க கூப்பிட்டது பெரிய விஷயம்னு சேத்துக்கலாம், ஃப்ரெண்டுன்னா கடைசி வார்த்தைய "டீர்"னு மாத்திடுங்க. நம்ம நீங்க, நீ மாதிரிதான் அவங்களுக்கு ஸீ, டூ.

அப்புறம் "கான் இஷ் எட்வாஸ் மிட்பிரிங்கென்?", ஏதாவது கொண்டு வரட்டுமா? சாலட்னு சொன்னா சாலட் செஞ்சு கொண்டு போகணும், சும்மா ஒப்புக்கு கேட்டேன்னு விட முடியாது. சைவம்னா அப்பவே சொல்லிடுங்க, "இஷ் எஸ்ஸெ கைன் ஃப்ளைஷ் உண்ட் கைனென் ஃபிஷ்", கறியும் மீனும் சாப்பிட மாட்டேன். அங்க போய் உக்காந்துட்டு சொன்னா அவங்களுக்குத்தான் சங்கடம். கூட யாரையாவது கூட்டிட்டு போறதா இருந்தாலும் கேட்டுக்குங்க, எத்தனை பேரோ அத்தனை தட்டுதான் வெச்சிருப்பாங்க.

நேரத்துல ஒரு பொறி இருக்கு. "ஹால்ப் ஆஹ்ட்"னா வார்த்தைக்கு வார்த்தை அரை எட்டு, ஆனா அது எட்டரை இல்ல, ஏழரை. எட்டாவது மணியில பாதி ஆயிருக்குன்னு கணக்கு. எட்டரைக்கு போய் நின்னா ஒரு மணி நேரம் லேட், சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

கல்யாணம் மாதிரி அச்சடிச்ச பத்திரிகையில கீழ ஊ, ஆ, வே, கே-ன்னு (U.A.w.g.) நாலு எழுத்து இருந்தா, வர்றீங்களா இல்லையான்னு பதில் சொல்லச் சொல்றாங்கன்னு அர்த்தம். மறக்காம பதில் போடுங்க.

ஸ்டெப் 5: வெளிய கூப்பிட்டா

"ஹாஸ்ட் டூ லுஸ்ட்?"னு ஆரம்பிச்சு சினிமாவுக்கோ சாப்பிடவோ கூப்பிடுவாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவங்க முதல் தடவை கேட்டா தூக்கி வாரிப்போடும். ஒண்ணுமில்ல, வர்ற ஐடியா இருக்கான்னு கேக்குறாங்க. "யா, டாஸ் க்லிங்ட் கூட்"னா கேக்கவே நல்லா இருக்கு, சரி.

ஆனா சும்மா சாப்பிட போலாமான்னு கேட்டா அவங்கவங்க பில்ல அவங்கவங்கதான் கட்டணும். "இஷ் லாடெ டிஷ் அய்ன்"னு சொன்னாதான் காசு அவங்களோடது. அப்படி சொன்னா பர்ஸ எடுத்து மல்லுக்கட்டாதீங்க, "ஓ, டாங்கெ, டாஸ் இஸ்ட் நெட் ஃபொன் டீர், டாஸ் நேக்ஸ்டெ மால் இஷ்"னு விட்டுடுங்க, அடுத்த தடவை நான்.

அந்த ஓனரம்மா மறுபடி கூப்பிட்டாங்களான்னு கேக்குறீங்களா? கூப்பிட்டாங்க, ஆப்பிள் கேக். துண்டு முடிஞ்சதும் அவங்க வாய தொறக்கறதுக்குள்ளயே "யா, கெர்னெ"ன்னுட்டேன். அவங்க கேக்க வந்தது ஜன்னல சாத்தட்டுமான்னு.