தேயிலை ஃபேக்டரியோடு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: நீலகிரியில் செய்யப் போகிறவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியோடு சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய நினைக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழு எடுத்துக்கொண்டது இலை வாட்டம், அதாவது அரைவைக்கு முன் பறித்த இலையின் ஈரத்தைக் குறைப்பது. ட்ரஃபில் (கீழிருந்து ஃபேன் காற்று வரும் நீளத் தொட்டி) பரப்பிய பச்சை இலை அரைவைக்கு எப்போது தயார் என்பதை எடையை வைத்துச் சொல்லும் கருவி. ஈஎஸ்பி32 போர்டில் கோடு ஏற்றுவது, மாட்யூல் இணைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டிப் போகிறேன்.

படி 1: காலண்டரைப் பாருங்கள்

எட்டாம் செமஸ்டர் நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே உறைபனியும் வறட்சியும் இருக்கும். இலை வரத்து குறைந்தால் ஃபேக்டரி தினமும் ஓடாது. அதனால் டேட்டா எடுக்கும் வேலையை ஏழாம் செமஸ்டரிலேயே, நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பிறகு உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

படி 2: ஓர் இரவு அங்கே இருங்கள்

இலை வண்டி சாயங்காலம் வரும், வாட்டம் இரவு முழுக்க நடக்கும். பகலில் போய் மேனேஜரிடம் மட்டும் பேசினால் பாதி விஷயம் தெரியாது. டீ மேக்கர் அண்ணனுடன் இருந்து பாருங்கள். அவர் ஒரு கைப்பிடி இலையை அள்ளி உருண்டையாக அழுத்துவார். கையைத் திறந்ததும் உருண்டை விரிந்து சிதறினால் வாட்டம் போதாது. காம்பை வளைத்தால் ஒடியக் கூடாது. அந்தக் கைக்கணக்கை எண்ணாக மாற்றுவதுதான் ப்ராஜெக்ட். பிரச்சினையை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, கைடிடம் காட்டுங்கள்.

திரும்பி வரும்போது காட்டெருமை நிற்கும் சாலையில் இரவில் பைக் வேண்டாம். காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

படி 3: ஒரு பக்கக் கடிதம்

எந்த டேட்டாவை வெளியிடலாம், ஃபேக்டரி பெயரைப் போடலாமா, கருவி கடைசியில் யாரிடம் இருக்கும், இந்த மூன்றுக்கும் கையெழுத்து வாங்குங்கள். பேடன்ட் எண்ணம் இருந்தால் கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 4: எடை

அதிக நேரம் இழுத்தது இதுதான், நிதானமாகப் படியுங்கள். பறித்த இலையில் சுமார் 78% ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் திடப்பொருள் 22 கிலோ. சி.டி.சி. தேயிலைக்கு (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் குருணைத் தூள்) ஈரம் 70% அளவுக்கு வர வேண்டும் என்றால், மாறாத அந்தத் திடப்பொருள் அப்போது 30% ஆகும்; 22-ஐ 0.30-ஆல் வகுத்தால் 73 கிலோ வரும். அதாவது 1000 கிராம் மாதிரி 733 கிராம் ஆனால் இலை தயார். ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறை) இன்னும் அதிகமாக வாட்ட வேண்டும், கணக்கு அதேதான்.

கணக்கு சுலபம், தராசுதான் படுத்தியது. மாதிரித் தட்டை ட்ரஃபுக்குள்ளேயே லோடுசெல்லில் (எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) தொங்கவிட்டால், ஃபேன் காற்று கீழிருந்து தட்டைத் தூக்கும். எடை குறைவாகவும் ஆடிக்கொண்டும் காட்டும். கோடில் சராசரி எடுத்தால் ஆட்டம் அடங்கும், தூக்கல் போகாது. கடைசியில் பலன் தந்தது சாதாரண வழி: மாதிரியை வலைப்பையில் கட்டி, மற்ற இலையோடு ட்ரஃபில் வைத்து, மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பக்கத்து மேஜையில் இருக்கும் தராசில் வையுங்கள். இரவு குளிரக் குளிர லோடுசெல்லின் பூஜ்யம் நகரும். ஒவ்வொரு முறையும் பூஜ்யம் செய்து, ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே பையை வையுங்கள்.

படி 5: மற்ற பொருட்கள்

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சென்சாராக டிஎச்டி22 வேண்டாம், எஸ்எச்டி31 வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்த மலை ஈரத்துக்கு அதுதான் நம்பகமானது. தகர ஷெட்டுக்குள் வைஃபையை நம்பாமல் முதலில் எஸ்டி கார்டில் பதியுங்கள். கரண்ட் போய் வந்தால் நேரம் குழம்பாமல் இருக்க டிஎஸ்3231 கடிகார மாட்யூல் அவசியம். அலுவலக அறைக்கு டேட்டா அனுப்ப லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ) போதும், இந்தியாவுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள், 433 வேண்டாம்.

பின்சேர்க்கை

மழையில் நனைந்த இலைக்கு 733 கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு குழு எழுதியிருந்தது. சரிதான். இலை மேல் ஒட்டிய தண்ணீரும் தொடக்க எடையில் சேர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் ஈரப்பத மீட்டரில் கொஞ்சம் இலையைக் காயவைத்து திடப்பொருள் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 1000 கிராமில் 200 கிராம்தான் என்றால் இலக்கு 667 கிராம். மீட்டர் இல்லாத ஃபேக்டரியில் முதல் ஒரு மணி நேரம் ஃபேன் ஓடி மேல் தண்ணீர் போன பிறகு தொடக்க எடையை எடுக்கலாம், அது தோராயம்தான். மழை நாள் பதிவுகளைத் தனி ஷீட்டில் வையுங்கள், ரெவ்யூவில் கட்டாயம் கேட்பார்கள்.