கரெஸ்பாண்டன்ஸ் செஸ்ல எதிராளி இழுத்தடிச்சா என்ன பண்றது, நாம இழுக்காம இருக்கறது எப்படி

ரங்கூன்ல பிளிட்ஸ், அதாவது சில நிமிஷத்துல முடியற வேக செஸ், நெட்ல ஆடணும்னா பத்து நிமிஷம் நெட் புடுங்காம நிக்கணும், அது நம்ம கையில இல்ல, அதனாலதான் நான் கரெஸ்பாண்டன்ஸ் செஸ், அதாவது ஒவ்வொரு மூவுக்கும் நாள் கணக்குல நேரம் குடுத்து ஆடுற செஸ் பக்கம் வந்தேன். ஒரு மூவுக்கு மூணு நாள்னா கரண்ட் வந்தப்ப பாத்துக்கலாம். ஆனா புதுசா ஆட வர்ற தம்பிங்க எல்லாம் கொஞ்ச நாள்லயே ஒரே கேள்வியோட வந்து நிக்கிறாங்க, "அண்ணே, நான் ஜெயிக்கிற கேம், அவன் வேணும்னே இழுக்கிறான், என்ன பண்றது?" அவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல கணக்கை புரிஞ்சுக்கங்க. நெட்ல செஸ் ஆடுற தளங்களான லிசெஸ்லயும், செஸ் டாட் காம்ல டெய்லின்னு சொல்ற நாள் கணக்கு கேம்லயும் ஒவ்வொரு மூவுக்கும் க்ளாக் புதுசா ஆரம்பிக்கும், மிச்சமான நேரம் சேராது. மூணு நாள் கேம்ல இன்னும் 20 மூவ் பாக்கின்னா, அவர் முழு நேரத்தையும் எடுத்தா 60 நாள். அதே 14 நாள் கேம்னா 280 நாள், ஒம்பது மாசத்துக்கு மேல. இதுல எதுவும் விதிமீறல் கிடையாது, நீங்க ஒத்துக்கிட்ட நேரம்தான், அதனால லேட்டா ஆடுறார்னு ரிப்போர்ட் போட்டு பிரயோஜனம் இல்ல. ஐசிசிஎஃப்ங்கற உலக கரெஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்புல கதை வேற, அங்க பழைய முறையில 10 மூவுக்கு 50 நாள்னு மொத்தமா குடுப்பாங்க, சேத்து வச்ச நாளையெல்லாம் தோக்கற நேரத்துல உக்காந்து தின்னுடலாம், அதுக்கு அங்க "டெட் மேன்ஸ் டிஃபென்ஸ்", அதாவது செத்தவனோட தற்காப்புன்னு பேரே வச்சிருக்காங்க. அப்படின்னா இது எவ்வளவு பழைய வியாதின்னு பாத்துக்கங்க.

இப்ப எனக்கு நடந்ததை சொல்றேன். மூணு நாள் கேம், எதிராளி டீ ஆறுறதுக்குள்ள பதில் போடுறவர், ஒரே வாரத்துல 22 மூவ் ஓடிடுச்சு. அப்புறம் நான் சி7-ல குதிரையை வச்சு செக் குடுத்தேன், ஏ8-ல இருந்த யானை போச்சு. அடுத்த மூவுக்கு அவர் எடுத்தது 2 நாள் 22 மணி. அதுக்கடுத்தது 2 நாள் 23 மணி. உள்ள போய் பாத்தா ஆன்லைன்ல பச்சை லைட் எரியுது, வேற கேம்ல எல்லாம் டக்கு டக்குனு ஆடிட்டு இருக்கார். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. தூங்கப் போறப்பவும் அதே நெனப்பு, காலையில எந்திரிச்சதும் மொதல்ல அவர் ஆடிட்டாரான்னு போனைத்தான் பாப்பேன். இப்படியே 11 மூவுக்கு 32 நாள் ஓடுச்சு. கடைசியில அவர்கிட்ட தனி ராஜா மட்டும், எச்8-ல, என்கிட்ட ராஜாவும் ராணியும். நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, "இன்னிக்கு முடிச்சு விடுறேன்டா"ன்னு ரெண்டு செகண்ட்ல ராணியை எஃப்7-ல வச்சேன். ஜி8, ஜி7, எச்7 மூணு கட்டமும் அடைபட்டுப் போச்சு, ஆனா செக் இல்ல. ஸ்டேல்மேட், செக் இல்லாமலேயே அவருக்கு ஆட மூவ் இல்ல. டிரா.

அவர் இழுத்ததால நான் அரைப் பாயிண்ட் விடல, அவர் இழுக்கிறாரேன்னு கொதிச்சதால விட்டேன். அதனால உருப்படியான வழி என்னன்னா அந்த கேமை கண்ணுல படாம வைக்கிறதுதான். ரெண்டு தளத்துலயும் கண்டிஷனல் மூவ் இருக்கு, "அவர் இப்படி ஆடினா நான் இப்படி"ன்னு முன்னாடியே போட்டு வச்சிடலாம், அவர் நடுராத்திரி ஆடினாலும் நம்ம பதில் தானா போயிடும். இதனால அவர் நேரம் குறையாது, தெளிவா சொல்லிடுறேன், ஆனா பொறுமையா உக்காந்து யோசிச்ச மூவ் போகும், கோவத்துல தட்டின மூவ் போகாது. கேம்லயே நோட்ஸ் எழுத இடம் இருக்கு, அதுல ஒரு வரி எழுதி வைங்க, "ஏ சிப்பாயை தள்ளணும், கடைசியில ஸ்டேல்மேட் பாக்கணும்"னு, ஏன்னா மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா நாம எதுக்கு அந்த யானையை நகத்தினோம்னே மறந்திருக்கும். கூட நாலஞ்சு கேம் ஓடிட்டு இருக்கட்டும், ஒரே கேம் மட்டும் வச்சிருக்கவனுக்குத்தான் காத்திருக்கிறது நரகம்.

செஸ் டாட் காம்ல ஆட்டம் ஒத்துக்கறதுக்கு முன்னாடி எதிராளி ப்ரொஃபைலை ஒரு தடவை பாருங்க, ஒரு மூவுக்கு சராசரி எவ்வளவு நேரம் எடுக்கிறார், எத்தனை சதவீதம் கேம்ல டைம் அவுட் ஆகி தோக்கிறார்னு ரெண்டுமே தெரியும். இது ரெண்டு நிமிஷ வேலை.

இனி வேற பக்கம். போன வெயில் காலத்துல நான் ஒரு கேம்ல பிஷப் ஒண்ணு கம்மியா கஷ்டப்பட்டு ஆடிட்டு இருந்தேன். இங்க மார்ச் ஏப்ரல்ல ஆத்துல தண்ணி குறைஞ்சா அணைக்கட்டு கரண்டும் குறையும், எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா தெருவே "மீ லாபி", கரண்ட் வந்துடுச்சுன்னு கத்தும், உடனே மோட்டரைப் போட்டு தண்ணி ஏத்தறதா, சோறு வடிக்கறதா, போனை சார்ஜ் போடறதான்னு ஓடுவோம். நான் மூவ் போட ரெண்டரை நாள் ஆச்சு. திறந்து பாத்தா சாட்ல மெசேஜ், தோக்கறதால ஒளிஞ்சுக்கிட்டியா, மரியாதையா தோல்வியை ஒத்துக்கிட்டு ரிசைன் பண்ணுன்னு. ரொம்ப நேரம் மனசு ஆறல. அவர் ஊர்ல கரண்ட் போறதே இல்லையோ என்னவோ. அன்னியிலேர்ந்து நான் யாரையும் இழுக்கறான்னு சொல்றதில்ல, பச்சை லைட் எரிஞ்சாலும் சரி. ஜெயிக்கிற கேமுக்கு எல்லாரும் டக்குனு பதில் போடுவோம், கஷ்டமான பொசிஷனை ராத்திரி ஒதுக்கி வச்சு யோசிக்கலாம்னு தள்ளிப் போடுவோம், அதுவும் இழுக்கற மாதிரிதான் வெளிய தெரியும். அதனால சாட்ல "ரிசைன் பண்ணு"ன்னு எழுதாதீங்க, கேள்விக்குறியா வரிசையா போடாதீங்க, பழிக்குப் பழின்னு நீங்களும் மூணு நாள் உக்காராதீங்க. அவர் அசிங்கமா பேசினா சாட்டை மூடிட்டு காயை மட்டும் பாருங்க.

நாம தோக்கறப்போதான் பெரிய சோதனை. தோத்த கேமை ரிசைன் பண்ணியே ஆகணும்னு யாரும் சொல்லல, ஸ்டேல்மேட்டுக்கு வழி இருக்கா, எதிராளி தப்பு பண்ணுவாரான்னு கடைசி வரைக்கும் ஆடலாம், நான் மேல சொன்ன கேம்ல அவருக்கு கிடைச்சதே அதுதான். ஆனா தோக்கற கேமை வேகமா ஆடுங்க. பலகையில என்ன பண்ணலாம்னு பாக்கறதை விட்டுட்டு க்ளாக்ல எத்தனை மணி பாக்கின்னு பாக்க ஆரம்பிச்சீங்கன்னா அன்னிக்கே ரிசைன் பண்ணிடுங்க. டோர்னமென்ட்னா இன்னும் முக்கியம், செஸ் டாட் காம் டெய்லி டோர்னமென்ட்ல ஒரு ரவுண்ட்ல கடைசி கேம் முடிஞ்சாதான் அடுத்த ரவுண்ட் ஆரம்பிக்கும், நீங்க ஒருத்தர் உக்காந்தா சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேர் மாசக்கணக்குல காத்திருப்பாங்க. இதுல எனக்கு சமரசமே கிடையாது.

1824-ல, பிரிட்டிஷ்காரன் கப்பல்ல வந்து ரங்கூன்ல எறங்கின அதே வருஷம், லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் தபால்ல செஸ் ஆட ஆரம்பிச்சாங்க, முடிய 1828 ஆச்சு, எடின்பரோ ஜெயிச்சுது. கடிதம் போய் பதில் வர்ற வரைக்கும் பலகையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ஆட்டம் இது.

கடைசியா நம்ம ஊருக்குன்னு ஒண்ணு. ஒரு நாள் கேம் எடுக்காதீங்க, ஒரு ராத்திரி நெட் போனா கேமே போச்சு, மூணு நாள் அல்லது அஞ்சு நாள் எடுங்க. ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டு திருவிழா திஞ்சானுக்கு ஊரே தண்ணியில நனையும், அதோட நம்ம சித்திரை ஒண்ணும் வந்துடும், அந்த வாரம் யாருக்கும் கை ஓடாது. செஸ் டாட் காம்னா வெக்கேஷன் போட்டு க்ளாக்கை நிறுத்தலாம், லிசெஸ்ல அந்த வசதி கிடையாது, அதனால ஏப்ரல் பொறந்ததும் புது கேம் தொடங்காம, ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு கேம்லயும் சாட்ல ஒரு வரி போட்டுடுங்க: "எங்க ஊர்ல திருவிழா, கரண்டும் சரியில்ல, மூவ் லேட்டாகும், கேமை விட்டுட்டுப் போகல."