முழங்கால் தேய்மானம்: பயிற்சியில் உடலை நிறுத்தும் முறை

முழங்கால் தேய்மானம் உள்ள இருவர் ஒரே பயிற்சியை ஒரே எண்ணிக்கையில் செய்தும், ஒருவருக்கு வலி குறைந்து மற்றவருக்குக் கூடுவது உண்டு. எடை எந்தக் காலில், எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை முழங்காலில் இறங்குகிறது. தொடையின் முன்தசையும் இடுப்புத் தசையும் வலுவாக இருந்தால்தான் மூட்டு அதைச் சமாளிக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையே முதலில் சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி நழுவும் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கை தாழ்வாக இருந்தால் போர்வையை மடித்து வைத்து உயர்த்துங்கள். இருக்கை தாழத் தாழ மூட்டின்மீது அழுத்தம் கூடும். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகால்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, முழுப் பாதத்தையும் ஊன்றி எழ வேண்டும். முட்டி உட்பக்கம் சரியாமல், பாத விரல்கள் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும். பீரோக் கண்ணாடியின் எதிரே செய்தால், வலிக்கும் காலைத் தப்பவைத்து நல்ல காலால் மட்டும் எழுகிறீர்களா என்பது உடனே தெரிந்துவிடும். அப்படி எழும்வரை, வலுவேற வேண்டிய கால் வலுவேறாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல், 3 எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். கால் இயல்பாகவே வெளிப்புறம் வளைந்திருப்பவர்கள் முட்டியை வலிந்து நேராக்காமல், பிசியோதெரபிஸ்டிடம் காட்டிய பிறகு தொடங்குவது நல்லது.

படுத்துக் காலை நீட்டி உயர்த்தும்போது மறுகாலை மடக்கி வையுங்கள், முதுகு வளையாது.

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வீடுகளின் குறுகலான மாடிப்படிகளில் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். கைத்தடி, வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும். 15 லிட்டர் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் ஏற்றிக்கொண்டு உடலைச் சாய்த்தபடி படியேறுவதைவிட, பாதிப் பாதியாக இருமுறை கொண்டுபோவது மேல். இதை வீட்டிலுள்ள இளையவர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பயிற்சியின்போது லேசான வலி இருந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் அது கூடுதலாக நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள்.