டர்பனில் ஊர் ஊராகக் கவிதைக் கூட்டம் நடத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் கவிதை வாசிப்பு தொடங்க நினைக்கிறீர்களா? ஒரே மண்டபத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அங்கே வரச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் சட்ஸ்வொர்த், அடுத்த மாதம் மெரிபேங்க், அப்புறம் ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று தமிழர்கள் வாழும் ஊர்களில் மாறி மாறி நடத்துங்கள். நம் ஆட்களில் பலர் விரும்பி இப்படிச் சிதறி வாழவில்லை, எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் சிதறடித்தது. கடற்கரைப் பக்கம் மேகசின் பேரக்ஸில் நெருக்கியடித்து வாழ்ந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள், அதில் தமிழர்கள் பலர், 1960களில் சட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டன. கார் இல்லாத ஒரு பாட்டி இன்று சட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸ் போக, பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சி மாறி மாறிப் போக வேண்டும், இருட்டினால் திரும்புவது இன்னும் சிரமம். அதனால் கவிதைதான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

இடத்துக்குக் கோயில் மண்டபம், தமிழ்ப் பள்ளி வகுப்பறை, யார் வீட்டு முற்றத்திலாவது ஒரு டென்ட், எதுவும் சரி. முப்பது நாற்காலி போதும். சனிக்கிழமை மண்டபங்களில் கல்யாணம் இருக்கும், ஞாயிறு பிற்பகலைக் கேளுங்கள். காவடி, ஆடிக் கூழ், ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் மாரியம்மன் பூஜை நாள்களைக் கோயில்காரர்களிடம் கேட்டு ஒதுக்கிவிட்டுத் தேதி வையுங்கள். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஆகவே இரண்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியுங்கள். மின்சாரம் போனாலும் கூட்டம் நிற்காமல் இருக்க, பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கரும் இரண்டு விளக்கும் ஒரு பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. தேவாரம் பாடத் தெரிந்தவர்கள்கூட ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறார்கள். அவர்களைக் கூச வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். ஒவ்வொரு கவிதையையும் ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டு, வரிக்குக் கீழே வரியாக ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். வாசிப்பவர் முதலில் இரண்டு மூன்று வாக்கியத்தில் ஆங்கிலத்தில் பொருளைச் சொல்லட்டும், நீட்ட வேண்டாம், பிறகு கவிதையைத் தமிழில் இரண்டு முறை வாசிக்கட்டும். முதல் முறை ஓசை காதில் விழும், இரண்டாம் முறைதான் சொற்கள் பிடிபடும், இதை விட்டுவிடாதீர்கள். உச்சரிப்பை யாரும் இடையில் புகுந்து திருத்தக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். எழுதிக்கொண்டு வராதவர்களும் பேசட்டும்: தாலாட்டு, ஒப்பாரி, கரும்புத் தோட்டத்துப் பாட்டு என்று பாட்டிமார் வாயில் இருப்பவை எங்கும் அச்சாகாதவை, அவர்கள் சம்மதித்தால் போனில் பதிவு செய்து பெயரும் ஊரும் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு ஜுலு நண்பர்களையும் கூப்பிடுங்கள். அவர்களிடம் இசிபோங்கோ என்ற புகழ்ப்பாட்டு மரபு இருக்கிறது, அரசர் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு அதைக் கேட்டால் சிலிர்க்கும். ஃபீனிக்ஸ் பக்கம் நடத்தும்போது, 1904-இல் காந்தி அமைத்த குடியிருப்பு அருகில்தான் இருக்கிறது, அவருடைய இந்தியன் ஒப்பீனியன் இதழின் தமிழ்ப் பக்கங்கள் அங்கே அச்சாயின என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

சாப்பாட்டை அந்தந்த ஊர்க்காரர்களிடம் விடுங்கள். டீ, சமோசா, சில்லி பைட்ஸ் (காரமான பஜ்ஜி) போதும். கோயில் மண்டபமானாலும் புரட்டாசி மாதமானாலும் சைவம்தான். நுழைவுக் கட்டணம் வேண்டாம், வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், வாடகைக்கு வாங்கிய நாற்காலிக் காசு அதில் வந்துவிடும்.

கலைவதற்கு முன் அடுத்த ஊர்க்காரர் ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி, இடமும் தேதியும் அவர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள், மிச்சத் தாள்கள், ஸ்பீக்கர், விளக்குப் பெட்டி எல்லாம் அன்றே அவர் காரில் ஏறிவிடட்டும்.