கிருஷ்ணகிரி அணைக்கு மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து வஞ்சிரம் கேட்காதீர்கள். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. போதாததற்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. ஐஸ் பெட்டியில் வரும் மீனும் அப்போது விலை ஏறிவிடும். இந்த ஊர்களுக்கு ஆற்று மீனும் அணை மீனும்தான் சொந்தம். ஒகேனக்கல்லில் கட்லாவோ வாளையோ வாங்கிக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் விறகடுப்பில் சமைத்துத் தருவார்கள். கூலியை மீனை ஒப்படைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். கிளம்பும் நாள் காலையில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

என் மனம் கிடப்பது கிருஷ்ணகிரி அணையில். காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை அது. அதற்குப் போகும் சாலையில் தாத்தா போட்ட மீன் கடையை இப்போது சித்தியும் அவர் மகனான தம்பியும் நடத்துகிறார்கள். சித்தி ஜிலேபிக் கெண்டை கழுவுவதை நின்று பார்க்க வேண்டும். சொரசொரப்பான கல்லில் கல் உப்பைத் தூவி, செதில் போகும்வரை தேய்ப்பார். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை நகத்தால் துளி விடாமல் உரித்தெடுப்பார். அது போனால்தான் சேற்று வாடை போகும். குழம்புக்குத் துணை ராகிக் களி. களியை மெல்லக் கூடாது. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நான் வந்த முதல் நாளே, இலையில் குழம்பு ஊற்றும்போது தம்பி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். "அண்ணா, சாப்பிட்டுவிட்டு இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றான். கடை இருக்கும் மனை இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. என் பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. கடை அவனுடையதுதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனாலும் இத்தனை ஆண்டு கழித்து வந்தவனுக்கு ஒரு வாய் சோறு உள்ளே போகும்வரை பொறுத்திருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர் என்றால் உங்கள் முன்னும் இப்படி ஒரு தாள் வரலாம். இலைக்கு முன்னால் போடும் கையெழுத்து செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது பத்திரம். அதற்கு முன் தாத்தாவுக்கும், அவருக்குப் பின் காலமான மகன்களுக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மனைக்கு வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். தாத்தா சுயமாக வாங்கிய சொத்து என்பதால் 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைகளுக்கும் சம பங்கு உண்டு. தம்பியின் பத்திரத்தில் அத்தைகளின் பெயரே இல்லை.

பிறகு அலுவலகம். என் வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக நிற்கிறது. ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். "இவர்தான் அவர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் எழுத்தர். அப்பாவின் முகம் அப்படியே என் முகத்தில் இருக்கிறது. அதை எந்த மேஜையில் கொண்டுபோய் வைப்பது? அடுத்தது மாவட்டம். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் சேலம் மாவட்டம், பழைய வரி ரசீதுகளில் தர்மபுரி, பட்டாவில் கிருஷ்ணகிரி. தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004இல். இடம் நகரவே இல்லை. இதை ஒவ்வொரு மேஜையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாளை வா, அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார், நகல் தெளிவாக இல்லை என்றே விடுப்பு கரைந்தது. அணைப் பூங்காவுக்குக்கூட நான் போகவில்லை.

காத்திருந்த நேரத்தில் அந்த ரசீதுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சளேறிய தாள்கள், ஓரங்களில் எண்ணெய்க் கறை. ஆண்டு தவறாமல் சித்தப்பா கட்டியிருக்கிறார், அவருக்குப் பின் தம்பி. என் கையால் கட்டிய ரசீது ஒன்றுகூட அதில் இல்லை. அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்த மாதங்களில் அவருக்குச் சாப்பாடு போனதும் இந்தக் கடையிலிருந்துதான். தம்பி நீட்டிய தாளின் மேல் இருந்த கோபம் அதன் பிறகு எனக்குத் தணிந்துவிட்டது.

ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்பே சான்றிதழ்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் பெயரும் ஊர்ப் பெயரும் ஒருவருடையதே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் தயாராக இருக்கட்டும். வரவே முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட, தாங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. பெங்களூரில் இறங்கி பஸ் பிடிப்பது எளிது.

அத்தைகளிடம் மட்டும் கையெழுத்தைப் போனில் கேட்காதீர்கள். ஓசூரில் இருக்கும் என் பெரிய அத்தை போனில் முடியாது என்று சொல்லிவிட்டார். நேரில் போய் உட்கார்ந்ததும், "நிலம் யாருக்கு வேண்டும் கண்ணு, நீ வந்து கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வந்தார்.